பாய் விரிக்கக் கற்போம்

1990ஆம் ஆண்டில் தொடங்கி நவம்பர் மாதத்தில் நடந்துவரும் ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் படகுப் போட்டியின் படகுகள், கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் லங்காவிக்கும் செல்லும் வழியில், நம் பேராக் மாநிலத்தின் பங்கோர்த் தீவருகே தங்கிச் செல்வது வழக்கம். அந்தப் பாய்களைக் கரையிலிருந்து கண்டு களிக்கிறோம். அத்தோடு நம்முடைய சம்பந்தம் முடிந்துவிடுகிறது. ஈப்போவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் லுமுட் கரையை அடைந்துவிடலாம். ஆயினும், ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த நம் சமூகத்துக்குக் கடல் என்பது, விடுமுறை நாளில் தெலுக் பாத்திக் மணலில் அவிழ்க்கும் கட்டுச்சோற்றோடும், மாசிமகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் சந்நிதிக்கு ஏற்றிச் செல்லும் இயந்திரப் படகோடும் நின்றுபோன விஷயமாகவே இருக்கிறது.

மேடைகளில் நாம் ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பையும் அதில் வென்ற கடாரத்தையும் பற்றி மனமுருகிப் பேசுகிறோம். அந்தப் பெருமை உண்மையானது; தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டே அதற்குச் சாட்சி. ஆனால், முன்னோர் பெற்ற வெற்றியைச் சொல்லிக்கொள்வதால் மட்டும் பின்னோருக்குக் கடல் உரிமையாகிவிடுவதில்லை. கடலுரிமை கைவித்தையால் வருவது. காற்றின் போக்கறிந்து பாயை விரிக்கவும் சுருக்கவும் தெரிந்தவனுக்கே அது வசப்படும். அந்த வித்தையை நம் பேராக் இளைஞர் கற்க வேண்டும். கற்பதற்குப் பக்கமிதவை பூட்டிய விரைவுப் பாய்ப்படகே மிகவும் உகந்த சாதனம். அந்தக் கல்வியை லுமுட் கரையிலேயே தொடங்கலாம். இதுவே என் வேண்டுகோள்.

முதலில் நம் சரித்திரத்தை உள்ளபடி நோக்குவோம். கங்காணிமார் திரட்டி ரப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்துவந்த நம் முன்னோரில் பெரும்பாலோர், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வடஆற்காடு முதலிய ஜில்லாக்களின் உழவுத் தொழிலாளர்கள். அவர்களுள் பலர் கடலைக் கண்டதே நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிய அன்றுதான். ரஜூலா போன்ற நீராவிக் கப்பல்களில் நெருக்கியடித்துப் படுத்து, மயக்கமும் பிரார்த்தனையுமாக வங்காள விரிகுடாவைக் கடந்து, ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, அதன்பின் சுங்கை சிப்புட்டுக்கும் பத்து காஜாவுக்கும் தெலுக் ஆன்சனுக்கும் வந்து சேர்ந்த அந்த ஜனங்களுக்கு, கடல் தாய்வீட்டிலிருந்து தங்களைப் பிரித்த எல்லையாகத் தோன்றியதே ஒழிய, போய்வரும் வழியாகத் தோன்றவில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்களத்தில் நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து கழிந்த வாழ்வில் கடலைத் திரும்பிப் பார்க்க அவகாசம் ஏது? பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களில் உப்புக்காற்று வீசும் தூரத்தில் குடியிருந்தவர்களுக்குங்கூட நிலமே தொழிலாயிற்று.

கடலோடிய தமிழரும் இருந்தார்கள். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளின் மரைக்காயர்கள் தங்கள் சொந்தப் பாய்க்கப்பல்களில் துணியும் பிற சரக்கும் ஏற்றி, கெடாவுக்கும் பினாங்குக்கும் வந்து வாணிபம் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தபின் அவர்களுடைய பாய்களும் சுருங்கின. ஆகவே, பேராக் தோட்டப்புறத்திலிருந்து வந்த நமக்குக் கடல் வித்தை இரத்தத்தோடு வந்து சேர்ந்த சொத்து என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. அது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பயின்று பெற வேண்டிய பொருள். புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோரைப் புகழ்ந்தபோதும், காற்றையே தமக்கு ஏவல் செய்யவைத்துக் கலம் செலுத்திய அவர்களுடைய திறத்தைத்தான் சிறப்பித்தார். அன்றும் போற்றப்பட்டது வித்தையே.

இனி, நான் சொல்லும் படகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். படகின் உடல் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவு எளிதாக நீரைக் கிழித்துச் செல்லும். ஆனால், ஒடுங்கிய உடலின்மேல் பாய் விரித்தால் முதல் வீச்சிலேயே கவிழும். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஐரோப்பியத் தச்சர்கள் படகின் வயிற்றை அகலமாக்கி, அதன் அடியில் கல்லையும் ஈயத்தையும் பாரமாக ஏற்றினார்கள். தென்கடல்களின் தச்சர்களோ, உடலை ஒடுக்கமாகவே விட்டு, இரண்டு கழிகளைக் குறுக்கே நெடுந்தூரம் நீட்டி, அவற்றின் நுனியில் ஒரு மரக்கட்டையைப் பூட்டினார்கள்; இதுவே பக்கமிதவை. அந்தக் கட்டை எப்பொழுதும் காற்று வரும் பக்கத்திலேயே நிற்கும். பாயில் மோதும் காற்று படகை மறுபுறம் சாய்க்க முற்படும்போது, தூரத்தில் இருக்கும் கட்டையின் பாரம் அதைக் கீழ்நோக்கி இழுத்து நிறுத்தும். காற்று வலுத்து, கட்டை நீரைவிட்டு எழத் தொடங்கியதும், படகோட்டிகளில் ஒருவன் கழியின்மேல் நடந்து சென்று கட்டையருகே அமர்வான். மேலும் வலுத்தால் இன்னொருவனும் போய்ச் சேர்வான். இலங்கையின் மேற்குக் கரையில் காற்றின் பலத்தையே ஒருவர் காற்று, இருவர் காற்று, மூவர் காற்று என்று இவ்விதம் வெளியே சென்று அமரும் ஆட்களின் தொகையால் அளந்து சொன்னார்கள். காண்டாக் கம்பின் இருபுறமும் பால்வாளிகளைத் தொங்கவிட்டு மேடுபள்ளங்களில் நடந்த நம் பாட்டிமார், ஒரு வாளி கனத்தபோது கம்பைத் தோளின்மேல் விரல்கடை நகர்த்திச் சிந்தாமல் நடந்த அந்த நிதானமே, கழியின்மேல் நகர்ந்து அமரும் படகோட்டிக்கும் வேண்டும்.

இப்படகு திசை மாற்றும் விதமோ காண்போரை வியப்பில் ஆழ்த்துவது. மிதவைக் கட்டை காற்றின் பக்கத்தைவிட்டு அகலக் கூடாதாகையால், இது மற்றப் படகுகளைப்போலக் காற்றுக்குக் குறுக்கே முகத்தைத் திருப்பி வளைவதில்லை; முன்புறம் பின்புறமாகிறது, பின்புறம் அணியமாகிறது. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்தியதும் பாய் படபடத்து வெறுமையாகிறது. படகு காற்றுக்குப் பக்கம் காட்டி நிற்கிறது. ஒருவன் பாயின் முன்முனையை அதன் பருமலோடு தூக்கி, ஒடுங்கிய படகின் நெடுக நடந்து, மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பொருத்துகிறான். மற்றொருவன் சுக்கான் துடுப்பை உருவி எடுத்து எதிர்க்கோடியில் நாட்டுகிறான். தாமான் மீண்டும் இழுபடுகிறது, பாய் நிறைகிறது, சற்று முன்வரை பின்புறமாக இருந்த கோடி அலையைப் பிளந்து முன்னே பாய்கிறது. இத்தனையும் சில நொடிகளில் நடந்தேற வேண்டும். ஒருவன் பிந்தினால் காற்று பாயின் மறுபக்கத்தைப் பற்றிக்கொள்ளும், மிதவை நீரில் அமிழும், படகு கவிழும். ஒவ்வொருவனும் தன் கடமையைத் தன் க்ஷணத்தில் செய்தாலன்றி ஒருவருக்கும் க்ஷேமம் இல்லை என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகப் போதிக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

இக்கலையின் தொன்மைக்கும் வேகத்துக்கும் அயலார் பலர் சாட்சி பகர்ந்திருக்கிறார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட ஆழமற்ற நீரில் ஓடும் கலங்களுக்கு, குறுகிய வழிகளில் திரும்பவேண்டிய அவசியம் நேராதபடி இருபுறமும் அணியம் உண்டு என்று, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய ஆசிரியரான பிளினி எழுதிவைத்தார். 1521இல் மகெல்லனோடு குவாம் தீவை அடைந்த பிகாஃபெட்டா, அத்தீவினரின் படகுகளில் முன்னும் பின்னும் வேறுபாடு இல்லை என்பதையும், அவை அலைக்கு அலை டால்ஃபின்களாகத் தாவியதையும் பதிவு செய்தார். 1742இல் குவாம் அடங்கிய அதே தீவுக்கூட்டத்தின் தினியான் தீவில் தங்கிய ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஆன்சனின் குழுவினர், கைப்பற்றிய ஒரு படகை அளந்து வரைந்தார்கள். அது நல்ல காற்றில் மணிக்கு ஏறக்குறைய 20 மைல் வேகத்தில் ஓடக்கூடியது என்று மதிப்பிட்டார்கள். மிதவை இழுக்கும் இழுப்பால் படகு வழிதவறாதபடி, அதன் உடலை ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் புடைத்ததாகவும் செதுக்கியிருந்த அத்தீவுத் தச்சர்களின் நுண்ணறிவை அவர்கள் மெச்சினார்கள். நம் காலத்திலும், 1968இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியொருவராகக் கடக்கும் போட்டியில், இவ்வினத்தைச் சேர்ந்த ‘சியர்ஸ்’ என்ற படகு மூன்றாம் இடத்தைப் பெற்றது.

தமிழ் வழங்கும் கரைகளும் இவ்வித்தைக்குப் புறம்பானவையல்ல. நீர்கொழும்புக் கரையில், அகழ்ந்த அடிமரத்தின்மேல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, வளைந்த இரு கழிகளின் நுனியில் மிதவையைக் கட்டி, பெரிய சதுரப் பாயை விரித்த படகுகள், மேலே சொன்ன முறையிலேயே கோடி மாறி ஓடின. பாக்கு நீரிணைக் கரையின் வத்தை என்னும் மூன்று பாய்மரப் படகில், மிதவைக்குப் பதிலாக ஒரு நீண்ட பலகையைக் குறுக்கே நீட்டி, அதன் காற்றுப்புற நுனியில் மீனவர் அமர்ந்து படகை நிமிர்த்தினார்கள். உருவம் வேறாயினும் தத்துவம் ஒன்றே.

இக்கலை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நாம் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக இந்தியப் படகு அமைப்புகளைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் பக்கமிதவைக்குக் கிழக்குக் கடல்களின் மக்களோடு ஏற்பட்ட தொடர்பே மூலம் என்று வாதிட்டார். அவருடைய முடிவுகளில் சில விவாதத்துக்கு உரியவை. ஆயினும், பக்கமிதவை என்பது மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரையில் பரவிய ஆஸ்திரோனீசிய மக்களின் படைப்பு என்பதை இன்றைய அறிஞரும் பொதுவாக ஏற்கிறார்கள். அந்தப் பெருங்குடும்பத்தின் ஒரு கிளையே நம்மோடு இம்மண்ணில் வாழும் மலாய் மக்கள். எனவே, சோழர் படை கிழக்கே வந்ததை மட்டும் பேசி, கிழக்கின் படகுக் கலை மேற்கே நம் கரைகளை வந்தடைந்ததைப் பேசாமல் விடுவது சரித்திரத்தில் பாதியை மறைப்பதாகும். அண்டை வீட்டாரிடம் கற்றதை ஒப்புக்கொள்வதில் எந்த இனத்துக்கும் தாழ்வில்லை. தமிழரும் மலாய்க்காரரும் தம்முடையது என்று கூச்சமின்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு பொருள் இந்த நாட்டில் இருக்குமானால், அது இப்படகுதான் என்று நான் கருதுகிறேன்.

பேராக்கின் கரையே இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பழைய சாட்சி. தைப்பிங்கில் 1883இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஐவர் எவன்ஸ், மாத்தாங் சதுப்புக் காட்டின் வடபுறமுள்ள கோல செலின்சிங்கில் அகழ்ந்தபோது, மணிகள் செய்த தொழிற்களத்தின் எச்சங்களையும், இறந்தோரைத் தோணியில் வைத்து அடக்கம் செய்த சான்றுகளையும், விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த சூதுபவள முத்திரை ஒன்றையும் கண்டெடுத்தார். கண்டல் வேர்களுக்கிடையே குடியிருந்து, படகால் வாழ்ந்து, படகிலேயே அடங்கிய அந்த மக்களின் கரைக்கு, இந்தியாவின் எழுத்தும் பெயரும் ஆயிரத்துச் சில்லரை ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் கூறும் கங்கா நகரத்தை அறிஞர் பலர் இன்றைய புரூவாஸ் வட்டாரத்தோடு இணைத்துப் பேசுவதும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது.

இந்த யோசனைக்கு எழக்கூடிய ஆட்சேபங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. பக்கமிதவைப் படகு இந்தக் கரைக்குரியதே அல்லவே, மலாக்கா நீரிணையின் மலாய், சீன மீனவர்கள் மிதவை இல்லாத படகுகளையல்லவா கட்டினார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், குறுகிய ஆற்று முகத்துவாரங்களிலும் கண்டற் கால்வாய்களிலும் புகுந்து திரிய வேண்டிய படகுக்கு, பக்கவாட்டில் நீண்ட மிதவை இடைஞ்சலாகும். ஆனால், நாம் மீன்பிடிக்கப் புறப்படவில்லை, பயிற்சிக்காகப் புறப்படுகிறோம். லுமுட்டுக்கும் பங்கோருக்கும் இடைப்பட்ட நீரும் தெலுக் பாத்திக்கின் வளைகுடாவும் அதற்கு ஏற்றவை. ஆழமற்ற நீரிலும் ஓடி, மணலின்மேல் இழுத்துக் கிடத்தக்கூடிய இப்படகுக்குத் துறைமுகமோ படகுத்துறையோ வேண்டியதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் அபாயம் பற்றியது, இதுவே பெரிது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியற்காலையிலும் முற்பகலிலும், சுமத்ரா என்றே பெயர்பெற்ற புயற்காற்று மேற்கிலிருந்து கருமேக வரிசையாகத் திரண்டு வந்து, தெளிந்த நீரைச் சில நிமிஷங்களில் கொந்தளிக்கச் செய்துவிடும். நம் பிள்ளைகளில் நீந்தத் தெரியாதவர் அநேகர். ஆற்றிலும் ஈயக் குட்டையிலும் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களின் துயரத்தைக் கிந்தா பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. ஆகையால்தான் சொல்கிறேன்: முதல் பாடம் நீச்சல், இரண்டாவது பாடம் வானத்தைப் படித்தல், மிதவைச் சட்டை அணியாதவனுக்குப் படகில் இடமில்லை, மேற்கே மேகம் கறுத்தால் அன்றைக்குப் பாய் விரிவதில்லை, கூடவே ஓர் இயந்திரப் படகு காவலுக்கு வராமல் எவரும் கரையை விட்டு அகலக் கூடாது. நீரின் அருகே போகாதே என்று பிள்ளைகளை வாழ்நாள் முழுவதும் தடுத்து வைத்திருக்க எந்தப் பெற்றோராலும் முடியாது. நீரை அறிந்த பிள்ளைக்கே நீரால் வரும் தீங்கு குறைவு.

இயந்திரம் வந்துவிட்ட யுகத்தில் பாய் எதற்கு என்போரும் உண்டு. மீனவரைப் பாய்க்குத் திரும்பச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்களுடைய ஜீவனம் இயந்திரத்தால் இலகுவாயிற்று. ஆனால், விசையை அழுத்தினால் ஓடும் படகு ஓட்டுபவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. பாய்ப்படகோ, நீரோட்டம் எப்போது திரும்பும், கடற்காற்று எந்நேரம் எழும், நிலக்காற்று எப்போது அடங்கும், அலையின் நிறம் எங்கே மாறுகிறது என்று கணந்தோறும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அக்கேள்விகளுக்கு விடை சொல்லப் பழகிய இளைஞன், லுமுட்டின் கடற்படைத் தளத்துக்கோ, கப்பல் கட்டும் தொழிலுக்கோ, கடல் ஆராய்ச்சிக்கோ போக விரும்பினால், அந்நியனாகப் போகமாட்டான்.

இழந்துபோன கடல் வித்தையை அண்டை மக்களிடம் கேட்டுப் பெற்றவர்களின் சரித்திரம் நமக்கு வழிகாட்டியாக இருக்கிறது. ஹவாய் மக்கள் தங்கள் மூதாதையரின் நெடுங்கடல் மாலுமிக் கலையை அறவே மறந்திருந்த காலத்தில், மைக்ரோனீசியாவின் சத்தவால் என்னும் சிறு தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் என்ற மாலுமியைத் துணைக்கு அழைத்தார்கள். 1976இல் ஹொக்குலேயா என்ற இரட்டைப் படகு, அவருடைய வழிகாட்டலில், எந்தக் கருவியும் இன்றி நட்சத்திரங்களையும் அலைகளையும் கொண்டே திசையறிந்து ஹவாயிலிருந்து தாகித்தியை அடைந்தது. அதன்பின் அவர் ஹவாய் இளைஞருக்கும் கற்பித்தார். இன்று அவர்களே ஆசான்களாக இருக்கிறார்கள். மறந்த வித்தையை மீட்க அவர்களுக்கு வேண்டியிருந்தவை ஒரு படகும், ஓர் ஆசானும், கற்க விரும்பும் மனமுமே.

நமக்கும் அவ்வளவே வேண்டும். ஒட்டுப்பலகையால் கட்டிய உடலும், தாப்பா, பீடோர் பக்கங்களில் தாராளமாக விளையும் மூங்கிலால் ஆன குறுக்குக் கழிகளும், தைத்த பாயும் கொண்ட ஒரு பயிற்சிப் படகைக் கட்ட, ஒரு கோயில் திருவிழாவின் பந்தல் செலவுக்கு மேல் போகாது என்று நம்புகிறேன். பங்கோர்த் தீவில் மரப்படகு கட்டும் தச்சர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறன் வயோதிகத்தோடு மறைந்துபோகுமுன் நம் பிள்ளைகள் இரண்டு பேராவது அவர்களிடம் உளி பிடிக்கக் கற்பது இரட்டை லாபம். பக்கமிதவைப் படகில் பழகிய ஆசான்களைப் பாலித்தீவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ சில மாதங்களுக்கு வரவழைப்பதும் அசாத்தியமான காரியமன்று.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க முடியும் என்று நம்பியவர்கள் அதிகம் பேர் இல்லை. பால் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களை வாங்கிற்று. நிலத்தை அவ்விதம் வாங்கிய சமூகத்துக்கு ஒரு படகு பெரிய பாரமா? கூட்டுறவுச் சங்கங்களும், தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களும், கோயில் நிர்வாகங்களும், மாநில அரசாங்கத்தின் இளைஞர் துறையும் சேர்ந்தால், புந்தோங்கிலும் செமோரிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழும் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் லுமுட்டுக்குச் சென்று பயில வழி செய்யலாம். அப்படகில் தமிழ்ப் பிள்ளைகளோடு மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் ஏற வேண்டும். பெண் பிள்ளைகளும் ஏற வேண்டும். கழியின்மேல் நடந்து சென்று பாரத்தைச் சமன் செய்வதற்கு இனமோ பாலோ தடையாவதில்லை.

ஆகவே, கோயில் நிர்வாகங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் என் விண்ணப்பம் இது. வரும் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு படகுக்கும் ஓர் ஆசானுக்கும் ஒரு காவற்படகுக்கும் தொகை ஒதுக்குங்கள். பெற்றோர்களே, படகு தயாராகும் வரையில் காத்திராமல், இந்த வாரமே உங்கள் பிள்ளைகளை அருகிலுள்ள நீச்சற்குளத்துக்கு அனுப்புங்கள். கடாரத்தைப் பற்றி நாம் தொடர்ந்து பேசுவோம், பேசத்தான் வேண்டும். அதைப் பேசுகிறவர்களுள் பத்துப் பேராவது, பங்கோர் நீரில் தாமானைத் தளர்த்திப் பாயைக் கோடி மாற்றித் தாமாகவே கரை சேரத் தெரிந்தவர்களாக இருக்கும் நாளில்தான், அந்தப் பேச்சுக்கு முழுத் தகுதி உண்டாகும்.